நீங்கள் ஊரில எவடம்?

என்னுடைய ஆங்கில வகுப்பில் கடைசி நாள் பாடம் இல்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ் சோதனைக்கு இனிப் படித்து ஒன்றும் ஏறப்போவதில்லை, கொப்பியை மூடுங்கோ என்று சொல்லிவிட்டுக் கதைக்கத் தொடங்குவேன். கிளிநொச்சி டிப்போச் சந்திக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு கதிரை. இரண்டு ஃபான் சுற்றும், காற்று வராது. அந்த வெக்கைக்குள் இருந்துகொண்டு இங்கிலாந்துக் குளிரைப் பற்றிக் கதைப்பது எனக்கே சில நேரம் பகிடியாக இருக்கும்.

ஜக்கற்றைக் கொழும்பில் வாங்காதேங்கோ, அங்கே போய் வாங்குங்கோ. விசாவுக்குக் கட்டும்போதே மருத்துவத்துக்கென்று வருடத்துக்கு 776 பவுண் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே இறங்கின கிழமையே ஒரு வைத்தியரிடம் பதிந்துகொள்ளுங்கோ, காய்ச்சல் வரும்வரை பார்த்துக்கொண்டிராதேங்கோ. படிக்கிற காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்து மாட்டிக்கொள்ளாதேங்கோ. இப்படிப் போகும். பிறகு பதிவுப் படிவத்துக்கு வருவேன். அதில் "அவசரத் தொடர்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் பிள்ளைகள் யோசிக்காமல் லண்டன் ஹரோவில் இருக்கிற மாமாவின் நம்பரைப் போடுவார்கள். பதினெட்டு வயது தாண்டிய மாணவரைப் பற்றிக் கம்பஸ் பெற்றோரிடம்கூடக் கதைக்காது. அப்பா இங்கேயிருந்து போன் எடுத்து "என்ர பிள்ளை அங்க படிக்குதோ" என்று கேட்டால், ஓம் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் உங்களுக்கு ஏதும் நடந்துவிட்டது என்று பயந்தால் அவர்கள் முதலில் அழுத்துவது அந்தக் கட்டத்தில் உள்ள நம்பரைத்தான். அது மாமாவாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வசனம். வருடா வருடம் சொல்லிச் சொல்லி வாயில் பழகிவிட்டது. "கம்பஸில மாணவர் உதவிக்கெண்டு ஒரு ஒஃபிஸ் இருக்கும். காசுப் பிரச்சினை, படிப்புப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, பெடியன் பெடியனை விரும்புறது, பெட்டை பெட்டையை விரும்புறது, ஆம்பிளையாப் பிறந்தும் தான் ஆம்பிளையில்லை எண்டு நினைக்கிறது, எதெண்டாலும் போய்க் கதைக்கலாம். அவை வீட்டுக்குச் சொல்லமாட்டினம். எனக்கும் எழுதலாம். நானும் சொல்லமாட்டன்."

பின்வரிசையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் திரும்பிப் பலகையை அழிக்கத் தொடங்குவேன். முதல் இரண்டு வருடமும் திரும்பாமல் நின்று, ஆர் சிரிக்கவில்லை என்று பார்த்தேன். பார்ப்பது பிழை என்று பிறகுதான் உறைத்தது. சிரிக்காமல் இருக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் வேண்டியது ரீச்சரின் கண் வேறெங்காவது இருப்பதுதான்.

(இதில் வரும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பன்னிரண்டு கதிரையில் எந்தக் கதிரை என்று தேடவேண்டாம்.)

2015 இல் புலமைப்பரிசில் கிடைத்து வட இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்தேன். அங்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கிழமைக்குச் சில மணித்தியாலம் வேலையும் தந்தார்கள். புதுப் பிள்ளைகள் வந்து சேரும் கிழமையில் ஒரு பெரிய மண்டபத்தில் மேசை மேசையாகப் போட்டு, சதுரங்கக் கழகம், நாடகக் கழகம், பாகிஸ்தான் மாணவர் சங்கம் என்று ஆள் சேர்ப்பார்கள். எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் வானவில் கொடி, ஒரே பாலை விரும்புகிறவர்களின் சங்கம். அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டை கோப்பி வாங்கப் போகையில், பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கோ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது ஒரு பெடியன் வந்தான். எங்கள் ஆள் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வலது கையில் கோயில் நூல், நிறம் மங்கிப்போய். சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து நாலாக மடித்தான். எனக்கு வந்து இறங்கி மூன்று கிழமை. தமிழ் கேட்டு மூன்று கிழமை. சந்தோசம் தாங்காமல் கேட்டேன்: "தம்பி, தமிழோ? ஊரில எவடம்?"

அந்த முகம் போன போக்கை எழுத எனக்கு வராது. தனக்குத் தமிழ் தெரியாது, தான் கேரளா என்று ஆங்கிலத்தில் சொன்னான். மடித்த கடதாசியை மேசையில் திரும்ப வைத்துவிட்டு, ஓடாமல், ஆனால் ஓட்டத்துக்குக் கிட்டின நடையில் போனான். அந்தக் கடதாசி மற்றக் கடதாசிகளின் மேலே நாலு மடிப்போடு அரைவாசி விரிந்து கிடந்தது.

"எவடம்" என்ற கேள்வி எனக்கு என்ன என்று சொன்னால்தான் இது விளங்கும். 2009 இல் போர் முடிந்தபோது நாங்கள் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். முள்ளுக்கம்பி ஓரத்தில், தண்ணீர் வரிசையில், மலசலகூட வரிசையில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்ட கேள்வி அது. நீங்கள் எவடம்? விசுவமடுவோ? அப்ப எங்கட அண்ணாவைக் கண்டனீங்களோ? அந்தக் கேள்வியால்தான் நாங்கள் பெரியம்மாவைக் கண்டுபிடித்தோம். வன்னிச் சனத்துக்கு அது ஊர் விசாரிப்பு மட்டுமில்லை, ஆளைத் தேடி எடுக்கிற கயிறு. எவடம், எந்த ஒழுங்கை, ஆற்றை மகன், எந்தப் பள்ளிக்கூடம் என்று நாலு கேள்வி போதும், ஆள் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பெடியனும் அந்த நாலு கேள்வியையும் அறிந்தவன். அதனால்தான் முதல் கேள்வியிலேயே கேரளாவுக்குப் போய்விட்டான்.

அலுவலகப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அறுபது வயதை எட்டிய வெள்ளைக்கார மனிசி. அவனைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டேன். தேடினால் இன்னும் மோசம், விடு என்றார். அடுத்த நாள் அந்தத் துண்டுப்பிரசுரங்களில் ஒரு கட்டை என்னிடம் தந்து, மலசலகூடக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு வரச் சொன்னார். உள்ளே கொண்டியைப் போட்டுவிட்டு இருக்கிற ஆள், ஆரும் பார்க்காமல் நம்பரைப் போனில் எழுதிக்கொள்ளலாம். ஒரு நாள் முழுக்கக் கதவு கதவாக ஒட்டினேன். அந்த வருடம் நான் செய்த ஆகப் பிரயோசனமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதுவரை நான் நினைத்தது இது: அந்நிய தேசத்தில் தனித்துப் போன தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த ஆள் ஒன்று கிடைத்தால் ஆறுதல். காய்ச்சலுக்கு, காசுக்கு, சாவுச் செய்திக்கு அது சரி. இந்த ஒரு விசயத்தில் தமிழ் ஆள்தான் முதல் பயம். வெள்ளைக்காரியிடம் அழலாம், அவளுக்குப் புதுக்குடியிருப்பில் சித்தி இல்லை.

அந்த நாட்டுச் சட்டம் நல்ல சட்டம். 2010 இல் வந்த சமத்துவச் சட்டத்தின்படி பால் ஈர்ப்பைக் காரணம் காட்டியோ பால் மாற்றத்தைக் காரணம் காட்டியோ ஒரு மாணவரைப் பல்கலைக்கழகம் ஒதுக்க முடியாது. வெளிநாட்டு மாணவருக்கும் அது பொருந்தும். ஆனால் அங்கே செய்கிற உதவிகளில் பாதி, ஆள் தன்னைச் சொல்லிக்கொண்டு வருவான் என்ற எண்ணத்தில் கட்டியது. சட்டையில் குத்த ஒரு வானவில் பட்ஜ், வட்டமாக இருந்து பெயரையும் கதையையும் சொல்கிற கூட்டம், முகப்புத்தகத்தில் போடப் படம். லீட்ஸிலோ பிறிஸ்டலிலோ பிறந்த பிள்ளைக்கு அது திருவிழா. அந்தப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிந்தால் போதும், அது ஹரோவுக்குப் போய், ஹரோவில் இருந்து குடும்ப வட்ஸ்அப்புக்குப் போய், விடியமுதல் தருமபுரத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? முதலில் காசு நிற்கும். இங்கே ஒரு பிள்ளையை அனுப்புவதென்றால் வயலை ஈடு வைத்து, அம்மாவின் தாலிக்கொடி வரை அடைவு வைத்து, மிச்சத்துக்கு வெளிநாட்டு உறவுகள் ஆளுக்கொரு பங்கு போட்டு அனுப்புகிற அலுவல். வான் பிடித்து, முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு குடும்பமே கட்டுநாயக்காவுக்குப் போகும். அந்தத் தேங்காயில் எத்தனை பேரின் காசு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பங்கு போட்டவர்களில் ஒருவர் கையை எடுத்தாலும் அடுத்த தவணைக் கட்டணம் கட்ட முடியாது. கட்டாவிட்டால் பதிவு போகும். பதிவு போனால் பல்கலைக்கழகம் குடிவரவுக்கு அறிவித்தே ஆகவேண்டும், விசா போகும். வீட்டோடு உறவறுந்த உள்நாட்டு மாணவருக்கு அரச கடன் வழி இருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு அது இல்லை. அரச உதவிப் பணம் எதையும் தொடக்கூடாது என்று விசாவிலேயே நிபந்தனை. ஆகவே, உண்மையாகவே உதவ நினைக்கிற பல்கலைக்கழகம் கொடியை ஏற்ற முதல், இப்படி நடுவில் காசு நின்றுபோன பிள்ளைக்குத் தவணை தள்ளிப் போடவும் ஒரு அறை கொடுக்கவும் ஒரு சின்ன நிதியை ஒதுக்கி வைக்கட்டும். நான் வேலை செய்த இடத்தில் அப்படி ஒன்று இருந்தது. விண்ணப்பத்தில் காரணம் எழுதுகிற பெட்டி சின்னது, "குடும்பச் சூழல்" என்று இரண்டு சொல் எழுதினால் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெட்டியைச் சின்னதாக வைத்த ஆளை எனக்குத் தெரியாது, ஆனால் விசயம் தெரிந்த ஆள்.

எங்கள் சனத்துக்குத் தெரிந்த இன்னொரு வழி அசைலம், அந்த நாட்டிடம் அடைக்கலம் கேட்பது. "பேசாமல் அசைலம் அடிக்க வேண்டியதுதானே" என்பார்கள், என்னவோ சீட்டுக் கட்டுகிறமாதிரி. வழி இருக்கிறது என்பது உண்மை. ஊருக்குத் திரும்பிப் போய் ஒளித்து வாழு என்று சொல்லி இப்படியான ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2010 யூலையில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்கும் போய் இருந்து சொல்லவேண்டும். அதிகாரி கேட்பார், மொழிபெயர்ப்பாளர் தமிழ் ஆள். ஆரை விரும்பினாய், எப்ப தெரியவந்தது, எவடம். முகவரிடம் போகாமல் சட்டத்தரணியிடம் போ, மொழிபெயர்ப்பாளர் உன் ஊர்ப் பக்கத்து ஆளாக இருந்தால் வேறு ஆளைக் கேள், தமிழ்நாட்டு ஆள் என்றாலும் பரவாயில்லை என்று கேள், கேட்க உனக்கு வாய் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கு நான் போனில் சொல்லியிருக்கிறேன். உளவளத்துணையாளரிடம் போகும்போதும் இதே கதைதான். தமிழ் தெரிந்தவர் வேண்டுமா என்று அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வது நன்றி கெட்ட வேலை இல்லை.

இப்படி எங்கே போனாலும் ஆறுதலுக்கும் நீதிக்கும் வாசல் ஒன்று இருக்கும், வாசலில் ஒருவர் நின்று பெயரையும் ஊரையும் கேட்பார். சிலரால் அதைச் சொல்ல முடியும். சொல்ல முடிந்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

இனி ஊர்ப் பக்கம். 1883 இல் வெள்ளைக்காரன் எழுதிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பால் உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. எழுதினவனின் நாட்டில் 1967 இலேயே அதைத் தளர்த்தத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் 1995 இல் அதைத் திருத்தினோம், எப்படியென்றால் "ஆண்" என்று இருந்ததை "ஆள்" என்று மாற்றி, பெண்களையும் உள்ளே இழுத்து. குற்றம் என்பதை எடுத்துவிடுகிற சட்டமூலம் ஒன்று வந்து, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமும் 2023 மே மாதம் சொன்னது. 2024 இல் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் அதோடு போயிற்று. இது மேற்கத்திய வியாதி என்று எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களிடம் நான் இந்த வருடங்களைத்தான் சொல்வது. கப்பலில் வந்தது சட்டம். பிள்ளைகள் இங்கே பிறந்தவை.

நல்லதாக ஒன்று 2016 இல் நடந்தது. பால்நிலையை அங்கீகரிக்கிற சான்றிதழ் பெறச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். வகுப்புக்கு வந்த ஒரு தம்பி, ஊரார் கண்ணுக்கு அப்போது தங்கச்சி, என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: முதலில் எதை மாற்ற? கடவுச்சீட்டை மாற்றிவிட்டு விண்ணப்பம் போடு, விசாவில் எல்லாம் கடவுச்சீட்டுப் பெயர்தான், நடுவில் மாற்றினால் அலைச்சல் என்றேன். அங்கே போனபின் மின்னஞ்சலிலும் மாணவர் அட்டையிலும் விரும்பிய பெயரைப் போடப் பல இடங்களில் விடுவார்கள், ஆனால் மாமா கட்டணம் கட்டும்போது பற்றுச்சீட்டில் எந்தப் பெயர் வரும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள் என்றும் சொன்னேன். அவ்வளவுதான் எங்கள் கதை, கால் மணித்தியாலம். வேறொன்றும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் வீட்டுப் போடிங்குக்கு ஒரு சிங்களப் பெடியன் வரும்வரை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருப்பதால் அந்தப் பக்கம் வீடு வைத்திருக்கிற எல்லாரும் ஒரு அறையாவது வாடகைக்கு விடுவோம். தெற்கில் இருந்து சிங்களப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பம்பைமடுப் பக்கமும் அப்படித்தான். மொழி தெரியாது, சாப்பாடு உறைப்பு, வீட்டுக்குப் போக இரவு பஸ். அரசியல் கதைக்கவில்லை, ஆனால் கடவுச்சீட்டு ஒன்றைத் தவிர அவர்களுக்கும் என்னுடைய 2015 க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இவன் நடுத் தவணையில், வேறொரு போடிங்கில் இருந்து மாறி வந்தான். காரணம் சொல்லவில்லை. உடுப்பை இரவில்தான் கிணற்றடியில் தோய்ப்பான். கதவுக்குத் தானே ஒரு கொண்டி வாங்கிக்கொண்டு வந்து, பூட்டலாமா அன்ரி என்று கேட்டான். திருகாணி இறுக்க நான்தான் திருப்புளி எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய ஒரு கொப்பியின் மட்டையில் ஆரோ நீலப் பேனையால் சிங்களத்தில் ஏதோ எழுத, இவன் அதைக் கறுப்புப் பேனையால் கடதாசி கிழியும் மட்டும் அடித்திருந்தான். பகிடிவதைக்கு எதிராக 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, கடுமையான சட்டம். முறைப்பாடு எழுதுவதென்றால் அந்த நீலப் பேனை என்ன எழுதியது என்று எழுதவேண்டும். அவன் போடிங்கை மாற்றினான்.

ஒரு பின்னேரம் அயலில் இருக்கிற ஒருவர் வேலியடிக்கு வந்தா. "அக்கா, உங்கட போடிங்கில நிக்கிற சிங்களப் பெடியன்... ஒரு மாதிரியாம்."

எங்கள் ஊரில் "ஒரு மாதிரி" என்றால் விளக்கம் தேவையில்லை. எனக்குக் கோபம் வந்தது. சமத்துவச் சட்டம், 1883, எல்லாம் தொண்டைக்குள் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால், "ஓம், அவன் அப்படித்தான், அதுக்கென்ன" என்று நானே வேலியடியில் வைத்து அவனை அறிவித்தமாதிரிப் போயிருக்கும். "ஓம்" என்றேன். "வாடகையை ஒண்டாம் திகதியே தந்திடுவான், இப்பத்தைப் பெடியளில அப்படி ஆர் இருக்கினம். நிண்டுகொள்ளுங்கோ, முருங்கைக்காய் கிடக்கு, கொண்டுபோங்கோ." அவ முருங்கைக்காயோடு போனா. பிறகும் இரண்டு தரம் தொடங்கிப் பார்த்தா. இரண்டு தரமும் வாடகையும் முருங்கைக்காயும்தான்.

எனக்கு இன்னும் இதில் தீராத ஒரு சந்தேகம் உண்டு. நான் வாயை மூடினது அவனுக்காகவா, அயலட்டைக்குப் பயந்தா? வாய் திறக்கவேண்டிய இடத்தில் திறக்காமல் இருந்துதானே எங்கள் ஆட்கள் எத்தனை பேரைத் தனிய விட்டிருக்கிறோம். ஊருக்குள் இதைப் பொதுவாகக் கதைக்கவேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். ஆனால் ஒரு ஆளைக் குறித்துக் கதை வரும்போது எனக்குத் தெரிந்த வழி முருங்கைக்காய்தான். அவன் இறுதிப் பரீட்சை எழுதிவிட்டுப் போகும்போது, கதவில் பூட்டின கொண்டியைக் கழற்றட்டுமா அன்ரி என்று கேட்டான். கிடக்கட்டும், அடுத்து வாற பிள்ளைக்கு உதவும் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கினான்.

போன ஒக்ரோபரில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. போன வருட வகுப்புப் பிள்ளை, இங்கிலாந்துக்குப் போய் ஒரு மாதம். வகுப்பில் வாயே திறக்காது, கட்டுரை மட்டும் நன்றாக எழுதும்.

"ரீச்சர், அவசரத் தொடர்புக்கு உங்கட நம்பரைப் போடட்டா?"

போடலாம், ஆனால் அங்கே பொழுது படும்போது இங்கே நான் நித்திரை, ஏதும் நடந்தால் ஓடி வரவும் ஏலாது, அங்கே நிற்கிற ஒரு ஆளைப் போட்டால் நல்லது என்று எழுதினேன்.

"ரெண்டு பேர் போடலாம் ரீச்சர். இங்க ஒரு ஆள் இருக்கிறா. உறவுமுறை எண்டு ஒரு பெட்டி இருக்கு. உங்களுக்கு ரீச்சர் எண்டு போட்டன். அவவுக்கு என்ன போட?"

"உமக்கு எது சரியாப் படுதோ அதைப் போடும்."

கன நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது: "நண்பி எண்டு போட்டிருக்கிறன். இப்போதைக்கு."

அந்தப் பிள்ளை ஊரில எவடம் என்று தட்டினேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். குளிருக்குச் சப்பாத்து வாங்கியாச்சா என்று கேட்டேன்.